தன் அலையைத் தாண்டும் வள்ளம்

மன்னார்த் தீவின் வடகரையில், பேசாலையில், விடிவதற்கு முன் போய் நிற்க வேண்டும். கண்ணாடி இழை வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் இறங்கும். முழங்கால் அளவு தண்ணீர் வரை ஆட்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். இடுப்பளவு வந்ததும் ஒருவர் பின்பக்கமாக ஏறி, இயந்திரத்தைத் தண்ணீருக்குள் இறக்கிக் கயிற்றை இழுப்பார். வள்ளம் முதலில் முனகிக்கொண்டு மெதுவாக நகரும். விசையைக் கூட்டியதும் அணியம் வானத்தைப் பார்த்து நிமிரும். ஓட்டுபவருக்கு எதிரே எதுவும் தெரியாது. “முன்னுக்குப் போ தம்பி!” என்று அவர் சத்தம் போட, கூட வந்த பையன் வலைக்குவியலைத் தாண்டி அணியத்துக்கு ஓடுவான். அடுத்த சில விநாடிகளுக்குள் எல்லாம் மாறிவிடும். அணியம் தாழும். இயந்திரத்தின் குரல் இளகும். இருபுறமும் சுவர்போல எழுந்து நின்ற தண்ணீர் பின்னால் விலகிப் போகும். விசை அதேதான், எரியும் எண்ணெய் அதேதான், ஆனால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்கும்.

அந்தப் பையனின் எடை ஐம்பது கிலோ இருக்கலாம். அவன் நான்கு மீற்றர் முன்னால் நகர்ந்ததற்கும் வேகம் இரட்டித்ததற்கும் என்ன தொடர்பு? வேகப் படகு ஓட்டும் கலை முழுவதற்கும் இந்தக் கேள்விதான் வாசல்.

நகரும் எந்தப் படகும் தன் முன்முனையில் ஓர் அலையை எழுப்புகிறது. அந்த அலையும் படகின் வேகத்திலேயே கூடச் செல்கிறது. ஆழ்நீரில் அலையின் வேகத்துக்கும் நீளத்துக்கும் கண்டிப்பான உறவு உண்டு: வேகமான அலை நீளமான அலை. ஆகவே படகு வேகமெடுக்க எடுக்க அது எழுப்பும் அலையின் முகடுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகுகின்றன. ஒரு கட்டத்தில் முதல் முகடு அணியத்திலும் இரண்டாவது முகடு பின்முனையிலும் வந்து நிற்கும். அதற்கு மேலும் விசையைக் கூட்டினால் இரண்டாவது முகடு படகை விட்டுப் பின்னே நழுவிவிடும். பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும், முன்பக்கம் முகட்டில் ஏறும். படகு தானே உண்டாக்கிய மேட்டில் தானே ஏற முயன்றுகொண்டிருக்கும். நீர்க்கோட்டில் 6 மீற்றர் நீளமுள்ள வள்ளத்துக்கு இந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர். 100 மீற்றர் கப்பலுக்கு அதே கணக்கு 45 கிலோமீற்றர் என்று விடை தரும். பெரிய கப்பல்கள் பதற்றமில்லாமல் வேகமாகப் போவதன் இரகசியம் அவற்றின் நீளம்.

இந்த உறவைத் துலக்கியவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். 1860களில் இரண்டு வடிவ மாதிரிப் படகுகளைச் செய்து, ஒன்றுக்கு அன்னம் என்றும் மற்றதுக்கு அண்டங்காகம் என்றும் பெயரிட்டு, ஆற்றில் இழுத்துப் பார்த்தார். மெதுவாக இழுத்தபோது கூர்மையான அண்டங்காகம் எளிதாகப் போனது. வேகமாக இழுத்தபோது உருண்டையான அன்னம் முந்தியது. எல்லா வேகத்துக்கும் சிறந்த ஒரே வடிவம் என்று எதுவும் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1870களின் தொடக்கத்தில் டோர்க்கி நகரில் அவர் கட்டிய சோதனைத் தொட்டிதான் இன்றைய கப்பல் ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் மூத்தது.

பேசாலை வள்ளம் அந்த மேட்டை எப்படித் தாண்டியது? வேகமாகப் போகும் அடிப்பலகை தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தண்ணீர் பதிலுக்குப் பலகையை மேலே தள்ளுகிறது. குளத்தில் தட்டையான ஓட்டுச் சில்லை எறிந்தால் தத்தித் தத்திப் போவது இதனால்தான். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் கடல்நீர் நேராக மோதும் இடத்தில், சதுர மீற்றருக்கு 5 தொன் அளவிலான அழுத்தம் உண்டாகிறது. வேகம் பாதியானால் இந்த அழுத்தம் கால்வாசியாகக் குறைந்துவிடும். போதிய வேகம் கிடைத்ததும் வள்ளம் மிதப்பதை நிறுத்தி நீரின் மேல் சறுக்கத் தொடங்குகிறது. உடலின் பெரும்பகுதி வெளியே வந்துவிடுவதால் இழுவை குறைகிறது. அந்த நிலைக்குப் போகும் வழியில் அணியம் மிகையாக நிமிர்ந்தால், அடிப்பலகை தண்ணீரைச் சறுக்குவதற்குப் பதில் உழுகிறது. பையனின் ஐம்பது கிலோ அந்தச் சாய்வைச் சில பாகை குறைத்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

சறுக்கும் படகுக்கு முதல் தேவை எடை குறைவாக இருப்பது. மரத் தோணியும் வத்தையும் தண்ணீரில் ஊறிக் கனத்தவை. பாய்க்கும் துடுப்புக்கும் உகந்தவை. 1960களின் இறுதியில் நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனத்தின் படகுத் தளத்திலிருந்து கண்ணாடி இழைப் படகுகள் வடபகுதிக்கு வந்தன. பாய்மரத்தை இறக்கி வைத்த ஒரு தலைமுறை, வெளியிணைப்பு இயந்திரத்தின் கைபிடியைப் பிடிக்கக் கற்றது. இன்று மன்னார்க் கரைகளில் நிற்பவற்றில் பெரும்பாலானவை 18 முதல் 23 அடி நீளமுள்ள இந்த வகைதான்.

மேட்டிலேயே தங்கிவிடுவது எவ்வளவு செலவு என்பதையும் சொல்ல வேண்டும். அணியம் நிமிர்ந்தபடி ஓடும் வள்ளம் எண்ணெயை மிக அதிகமாகக் குடித்து, தூரத்தை மிகக் குறைவாகத் தரும். இலங்கையில் சிறு வள்ளங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. அதன்பின், பாரத்தை எங்கே வைப்பது, எந்த நொடியில் விசையைத் தளர்த்துவது என்பவை கெட்டித்தனத்தின் எல்லையைத் தாண்டி, அன்று அடுப்பெரியுமா என்ற கேள்வியோடு சேர்ந்துவிட்டன. போர்க்காலத்தில் வடக்கின் கடற்றொழிலாளருக்கு இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கடலில் போகும் தூரத்துக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. சிறிய இயந்திரத்திலிருந்து கடைசித் துளி வரை பிழிந்தெடுக்கும் திறமையை அந்த ஆண்டுகளும் வளர்த்திருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

இனி புரொப்பெல்லர். அதைத் தண்ணீருக்குள் செலுத்தும் திருகாணியாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு 33 சென்ரிமீற்றர் முன்னேறும் திருகாணி விநாடிக்கு 40 முறை சுற்றினால் மணிக்கு 47.5 கிலோமீற்றர் போக வேண்டும். தண்ணீர் மரக்கட்டையைப் போல இறுகிப் பிடிக்காது. ஐந்தில் ஒரு பங்கு வழுக்கலில் போனால் 38 கிலோமீற்றர்தான் கிடைக்கும். வள்ளம் அலையிலிருந்து எகிறும்போது காற்று உள்ளே புகுந்து இறக்கைகளைச் சூழ்ந்துவிட்டால் பிடிமானம் முற்றாகப் போய்விடும். இயந்திரம் வெறுமையில் சுழன்று அலறும். இன்னொரு கோளாறும் உண்டு. மிக வேகமாகச் சுழலும் இறக்கையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் அவ்வளவு விழுந்துவிடுவதால் குளிர்ந்த தண்ணீரே கொதித்து ஆவிக்குமிழ்களாகிவிடும். 1894இல் சார்ள்ஸ் பார்சன்ஸ் தன் ‘டர்பினியா’ கப்பலை முதலில் ஓட்டியபோது எதிர்பார்த்த வேகம் வராததற்கு இதுவே காரணம். ஒரே தண்டை மூன்றாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று சிறிய புரொப்பெல்லர்களைப் பூட்டிய பிறகு அது மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது.

இவ்வளவும் அமைதியான தண்ணீரில் நடக்கும் கதை. மன்னாரில் அமைதியான தண்ணீர் ஒரு பக்கத்தில் இருந்தால் மறுபக்கத்தில் இருக்காது.

இந்தத் தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக்கு விரிகுடா. சராசரி ஆழம் வெறும் 9 மீற்றர் அளவு. தெற்கே மன்னார் வளைகுடா. அது இந்து சமுத்திரத்தை நோக்கித் திறந்து, போகப் போக ஆழமாகிறது. வைகாசி தொடங்கித் தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் தீவின் மறைவில் அடங்கிக் கிடக்கும். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் வரிசையாக நிற்பதும், தம்பபவனி என்ற அந்தத் திட்டம் 103.5 மெகாவாற்று மின்சாரம் எடுக்க அமைக்கப்பட்டிருப்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கியதும் கணக்கு தலைகீழாகும்.

வாடைக்காலத்து வடகடலில் ஓட்டுவதைப் பார்ப்போம். நான்கு விநாடிக்கு ஒரு முறை வரும் அலை என்று வைத்துக்கொண்டால், முகட்டுக்கு முகடு 25 மீற்றர். அலை ஓடும் வேகம் மணிக்கு 22 கிலோமீற்றர். காலையில் பேசாலையிலிருந்து வடக்கே போகும் வள்ளம் இந்த அலைகளை நேரே சந்திக்கிறது. மணிக்கு 36 கிலோமீற்றரில் போனால் ஒன்றரை விநாடிக்கு ஓர் அலை, நிமிடத்துக்கு 39 மோதல்கள். மீன் பிடித்துவிட்டுத் தெற்கே திரும்பும்போது அதே அலைகள் முதுகுப்பக்கமாக வருகின்றன. அதே வேகத்தில் ஓட்டினால் நிமிடத்துக்கு ஒன்பது அலைகள்தான். புதிதாக வருபவர் போகும் பயணமே ஆபத்தானது, வரும் பயணம் சுகமானது என்று நினைப்பார். உடம்புக்கு அது உண்மை. உயிருக்கு உண்மை வேறு.

மீன்பாரத்தோடு திரும்பும் வள்ளத்தின் வேகம் 36இலிருந்து குறைந்து 22ஐ நெருங்கினால் என்ன ஆகும்? வள்ளமும் அலையும் ஒரே வேகம். அலையின் முன்சரிவில் ஒருமுறை வழுக்கி இறங்கினால் அங்கேயே அகப்பட்டுக்கொள்ளும். அணியம் முன்னாலுள்ள பள்ளத்தில் குத்தி நிற்கும். பின்பக்கத்தை அலை தூக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்முனை ஊன்றிக்கொள்ள, பின்முனை சுற்றி வந்து, வள்ளம் அலைக்குப் பக்கத்தைக் காட்டிக் கவிழும். சுழலும் புரொப்பெல்லரும் அந்த நேரத்தில் பாதி காற்றில் இருக்கலாம், திருப்பினாலும் பிடிக்காது. பழகிய ஓட்டி இதனால் ஓர் அலையின் முதுகில் ஏறி, அதன் முகட்டைத் தாண்டாமல், முன்னால் போகும் அந்த அலையோடேயே கரைவரை வருவார். விசையைக் கூட்டுவதும் குறைப்பதும் சில விநாடிக்கொரு முறை நடந்துகொண்டே இருக்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும்.

எதிர் அலையில் வேறு வித்தை. வள்ளம் முகட்டிலிருந்து காற்றில் எகிறும்போது விசையைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் அலறித் தேயும். தண்ணீரைத் தொடும் கணத்தில் திரும்பக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அணியம் அடுத்த அலைக்குள் புதைந்துவிடும். உலகின் பெரிய ஆழ்கடல் வேகப் படகுப் போட்டிகளில் இதற்கென்றே ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். சுக்கானைப் பிடிப்பவர் ஒருவர், விசையைக் கையாள்பவர் இன்னொருவர். பேசாலை வள்ளத்தில் இரண்டும் ஒரே கைபிடியில் இருக்கின்றன. முறுக்கினால் விசை, தள்ளினால் திசை. கைபிடியை இடதுபக்கம் தள்ளினால் வள்ளம் வலதுபக்கம் திரும்பும் என்பதை மூளை யோசித்துச் செய்ய நேரமில்லை, கை தானாகச் செய்ய வேண்டும்.

விழுந்து மோதும் வலியையும் கணக்கிடலாம். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் தட்டையடிப் படகு 10 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிட்டால், அதில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு தன் எடையைப் போல் சராசரியாகப் பதினொரு மடங்கைத் தாங்க வேண்டும். அதே நிறுத்தம் 40 சென்ரிமீற்றருக்கு நீண்டால் மூன்றரை மடங்குதான். ஓட்டிகள் முழங்காலைச் சற்று மடித்து நின்றுகொண்டே ஓட்டுவது இதற்காக: கால் இரண்டும் வில்லாகி அந்த முப்பது சென்ரிமீற்றரைத் தருகின்றன. படகின் அடியைக் கூராக்குவது இன்னொரு வழி. அமெரிக்க வடிவமைப்பாளர் ரேமண்ட் ஹண்ட், அணியம் முதல் பின்முனை வரை ஆழமான ‘வி’ வடிவ அடிப்பகுதி கொண்ட படகை வரைந்தார். ‘மொப்பி’ என்ற அந்த 31 அடிப் படகு 1960இல் மயாமியிலிருந்து நசோ வரையான போட்டியில், கொந்தளித்த கடலில், முதலாவதாக வந்தது. அலையை அடிக்காமல் பிளந்துகொண்டு இறங்கும் வடிவம் அது. விலை உண்டு: கூரான அடி சறுக்க அதிக விசை கேட்கும், கரையில் ஏற்றும்போது சாயும். மணற்கரையில் இழுத்து ஏற்ற வேண்டிய வள்ளத்தில் முழு ‘வி’யை வைக்க முடியாது. முன்னால் கூர்மை, பின்னால் தட்டை என்ற இன்றைய சமரசம் கரையும் கடலும் சேர்ந்து எழுதிய தீர்ப்பு.

தலைமன்னாரைத் தாண்டினால் தீடைகள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளத்துக்கு மணல்மேடுகளும் அவற்றுக்கிடையே ஒடுங்கிய நீர்வழிகளும் கிடக்கின்றன. இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் பெயர் பெற்ற இந்த வரிசையில் பல இடங்களில் தண்ணீர் ஒரு மீற்றர்கூட இல்லை. இங்கே இயற்பியல் புதிதாக ஒரு விதியைக் கொண்டுவருகிறது.

எந்த நீரிலும் அலை ஓர் உச்ச வேகத்துக்கு மேல் ஓட முடியாது; அந்த உச்சத்தை ஆழமே நிர்ணயிக்கிறது. 4000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். 2004 மார்கழி 26 அன்று சுனாமி ஆழ்கடலை அவ்வளவு விரைவில் கடந்து நம் கரைகளுக்கு வந்தது இந்த விதியின்படிதான். பாக்கு விரிகுடாவின் 9 மீற்றரில் உச்சம் மணிக்கு 34 கிலோமீற்றர். 2 மீற்றரில் 16. ஒரு மீற்றரில் 11. படகின் வேகம் இந்த எண்ணை நெருங்கும்போது அது எழுப்பும் அலை தப்பி ஓட வழியில்லாமல் படகோடேயே குவிகிறது. பின்பக்கம் கீழே அமிழும், இழுவை திடீரென்று கூடும், அமிழ்ந்த புரொப்பெல்லர் மணலைக் கிளறும். எல்லையைத் தாண்டிவிட்டால் நிலைமை மாறும். அலை பின்தங்கிவிடும்; சறுக்கும் வள்ளம் ஆழ்நீரில் போவதைவிடவும் சற்று இலகுவாக ஓடும். ஆக, இரண்டு மீற்றர் தண்ணீரில் மணிக்கு 16 கிலோமீற்றரில் தயங்கித் தயங்கிப் போவதுதான் மிக மோசமான தேர்வு. ஒன்று, நன்றாக மெதுவாகப் போக வேண்டும்; அல்லது நன்றாகச் சறுக்க வேண்டும். தீடையின் விளிம்பில் இரண்டாவதைத் தேர்பவருக்குத் தண்ணீரின் நிறம் தெரிந்திருக்க வேண்டும்: வெளிறிய பச்சை மணல், கருமை கடற்புல், வெள்ளைக் கோடு அலை உடையும் மேடு.

அந்தக் கடற்புல் ஆவுளியா என்ற கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். சுழலும் இறக்கை புல்லை வேரோடு வெட்டினால் திரும்ப முளைக்க ஆண்டுகள் ஆகும். கருமை தெரிந்தால் சுற்றிப் போவது வள்ளத்துக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.

இந்தத் தீடைகளில் வேகப் படகின் இன்னொரு வரலாறும் கிடக்கிறது. போர் நடந்த காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து இரவோடிரவாக மக்கள் இந்த வள்ளங்களில் ஏறித் தனுஷ்கோடிப் பக்கம் போனார்கள். 2022 பங்குனியில் பொருளாதாரம் வீழ்ந்தபோதும் போனார்கள். மணல்திட்டு ஒன்றில் இறக்கிவிடப்பட்டிருந்த ஆறு பேரை, நான்கு மாதக் குழந்தை ஒன்று உட்பட, இந்தியக் கடலோரக் காவல்படை மீட்டது. கடல் வேகத்தின் கிளர்ச்சியைப் பற்றி எழுதும் எவரும், இந்தக் கடலில் அந்த வேகம் யாருக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதை மறந்து எழுதக் கூடாது.

வேகம் இன்னும் கூடினால் தண்ணீர் பிரச்சினையாக இருப்பது நின்று காற்று பிரச்சினையாகிறது. 2018 நவம்பரில் ஆந்திரத்தின் அமராவதியில் கிருஷ்ணா நதியில் ஃபோர்முலா 1 படகுப் போட்டி நடந்தது. மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டும் அந்த இரட்டையுடல் படகுகளை, நடுவிலுள்ள குடைவுக்குள் புகும் காற்று விமானச் சிறகைப் போலத் தூக்கிப் பிடிக்கிறது. பின்முனை மட்டும் நீரைத் தொட்டுக்கொண்டு போகும். அணியம் ஓரிரு பாகை அதிகம் நிமிர்ந்தால் காற்று அடிப்பக்கத்தில் முழுதாக அறைந்து படகைப் பின்னோக்கிக் கவிழ்க்கும். பிரித்தானியாவின் டொனால்ட் கேம்பல் 1967 ஜனவரி 4 அன்று கொனிஸ்டன் ஏரியில் இப்படித்தான் இறந்தார். உலகச் சாதனைக்கு இரு திசைகளிலும் ஓட வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும், தன் படகு கிளப்பிய அலை அடங்கக் காத்திராமல் அவர் திரும்பி ஓட்டினார். மணிக்கு 480 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் ‘புளூபேர்ட்’ எழும்பிக் குட்டிக்கரணம் அடித்தது. இன்று வரை நிற்கும் சாதனை அவுஸ்திரேலியரான கென் வோர்பியுடையது. சிட்னியில் தன் வீட்டு முற்றத்தில் கட்டிய படகில், 1978 ஒக்டோபர் 8 அன்று, மணிக்கு 511 கிலோமீற்றர்.

தன் அலையை மறந்தவரைக் கடல் தண்டிப்பதற்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ தனியாக ஓட்டிப் போகும் ஒருவர், பக்கவாட்டு அலை ஒன்றில் நிலை தடுமாறித் தண்ணீரில் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விசை முறுக்கிய இடத்திலேயே நிற்கிறது. புரொப்பெல்லரின் சுழற்சி இயந்திரத்தின் காலை ஒரு பக்கமாகத் தள்ளும். இவ்வளவு நேரமும் அந்தத் தள்ளலை எதிர்த்துப் பிடித்தது ஓட்டியின் கை. கை போனதும் கைபிடி ஒரு பக்கமாக மடங்கும், ஆளில்லா வள்ளம் வட்டமடிக்கத் தொடங்கும். தன் அலையைத் தானே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டு, விழுந்தவர் நீந்தும் இடத்துக்கே அது வரும். விநாடிக்கு 40 சுற்று, மூன்று இறக்கை: ஒரு விநாடியில் 120 வெட்டுகள்.

இதைத் தடுக்கும் பொருள் இயந்திரத்தோடேயே வருகிறது. சிவப்பு நிறச் சுருள்கயிறு. ஒரு முனை இயந்திரத்தின் நிறுத்து விசையில், மறுமுனை ஓட்டுபவரின் உடம்பில். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் அந்தக் கணமே அணையும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் இதைப் பயன்படுத்துவது சட்டம். நம் கரைகளில் அது பெரும்பாலும் இயந்திரத்திலேயே சுற்றிக் கிடக்கிறது, அல்லது தொலைந்த பிறகு அதன் இடத்தில் ஒரு துண்டு வலைக்கயிறு செருகப்பட்டிருக்கிறது. வள்ளம் ஓட்டும் அண்ணனோ தம்பியோ மகனோ உங்கள் வீட்டில் இருந்தால், நாளை விடியுமுன் அவர் புறப்படும்போது கேளுங்கள்: அந்தச் சிவப்புக் கயிறு எங்கே? அவர் மணிக்கட்டில் அதை மாட்டும்வரை வள்ளத்தைத் தள்ளிவிடாதீர்கள்.